மீன் தொட்டிக்கு எந்த மாஸ்? இலையையும் கிளையையும் பார்த்து முடிவு செய்யும் வழி

மாஸ் (moss) என்பது மீன் தொட்டியில் கட்டையிலும் கல்லிலும் படர விடும் சிறு பச்சைச் செடி. வளர்ப்பு மீன் கடையில் மாஸ் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிறிஸ்துமஸ் மாஸ் என்று வாங்கியது இரண்டு மூன்று மாதத்தில் ஜாவா மாஸாக வளர்ந்து நிற்கும். வீப்பிங் என்று சொல்லிக் கொடுத்தது தொங்காமல் மேலே பார்த்துக் கிளம்பும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் மொத்த வியாபாரியிடமிருந்து வரும்போதே அந்தப் பெயரோடுதான் அது அவரிடம் வந்திருக்கும். சென்னை கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினால் ஒரே மாஸை மூன்று பெயரிலும், மூன்று மாஸை ஒரே பெயரிலும் பார்க்கலாம்.

இந்தக் குழப்பம் நம் ஊரில் தொடங்கியதும் அல்ல. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாக ஜாவா மாஸுக்கு வெசிகுலாரியா டுபியானா என்ற அறிவியல் பெயரைப் போட்டுத்தான் புத்தகங்களும் கடைகளும் ஓடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் பணியாற்றிய மாஸ் ஆய்வாளர் பெனிட்டோ டான் 2000களின் தொடக்கத்தில் தொட்டி மாஸ்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஜாவா மாஸ் என்று எல்லோரும் வளர்ப்பது டாக்சிஃபில்லம் பார்பியரி, டுபியானா என்ற பெயர் உண்மையில் சிங்கப்பூர் மாஸுக்கு உரியது என்று தெளிவானது. அதற்குப் பிறகும் பழைய பெயர் விலைப் பட்டியல்களில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

சரி, பெயர் தப்பாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் போதாதா? ஜாவா மாஸுக்குக் கொடுக்கும் விலைக்கும் ஃபிசிடென்ஸ் என்ற இன்னொரு மாஸுக்குக் கொடுக்கும் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஒன்று நம் ஊர் வெயிலைத் தாங்கும், இன்னொன்று தாங்காது. ஒன்று மாதா மாதம் கத்தரி கேட்கும், இன்னொன்று அரை வருடம் ஆனாலும் விரல்கடை நகர்ந்திருக்காது. தவறான மாஸை வாங்கிவிட்டுத் தண்ணீரையும் லைட்டையும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் வாங்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எதை வைத்துப் பார்ப்பது

நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அது இல்லையென்றால் போன் கேமராவின் மேக்ரோ வசதியிலும் ஓரளவு தெரியும். வெள்ளைச் சாஸரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரே ஒரு இழையைப் பிரித்துப் போட்டு விரித்துவிடுங்கள். பந்து மாதிரி சுருட்டி வைத்த மாஸைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மாஸுக்கு வேர் கிடையாது. கட்டையையும் கல்லையும் பிடித்துக்கொள்ள மெல்லிய வேரிழைகள் மட்டும் உண்டு. தண்ணீரையும் சத்தையும் இலை வழியாகவே எடுத்துக்கொள்ளும். அதன் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் அடுக்குதான். நமக்கு இது வசதியாகிப் போகிறது. இலையை வெட்டாமல், சாயம் ஏற்றாமல், அப்படியே வைத்தாலே உள்ளே இருப்பது தெரிகிறது.

முதலில் இலையின் நடுவில் நரம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே ஃபிசிடென்ஸ் தனியாகப் பிரிந்துவிடும். தொட்டியில் பரவலாக வளர்க்கும் மற்ற மாஸ்களின் இலையில் நடு நரம்பு இருக்காது, அல்லது அடியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குட்டையாக இருக்கும்.

அடுத்தது கிளை. தண்டின் இரண்டு பக்கமும் ஒழுங்கான இடைவெளியில் கிளைகள் போகின்றனவா, அல்லது இஷ்டத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமா? ஒழுங்காகப் போனால், அடியில் நீளமாகத் தொடங்கி நுனிக்கு வரவரக் குட்டையாகின்றனவா?

பிறகு இலை நுனி. ஈட்டி போல நீண்டு மெல்ல மெல்லக் கூராகிறதா, அல்லது அகலமான இலை கடைசியில் திடீரென ஒடுங்கிச் சின்ன முள்ளில் முடிகிறதா? முதல் வகை என்றால் டாக்சிஃபில்லம் பேரினம் பக்கம் யோசியுங்கள், இரண்டாவது என்றால் வெசிகுலாரியா பக்கம்.

கடைசியாக, புதுத் தளிர் எந்தத் திசையில் போகிறது என்பது. இதைச் சாஸரில் பார்க்க முடியாது. கடையில் ஏற்கனவே வளர்ந்து நிற்கும் தொட்டியில்தான் பார்க்க வேண்டும். தொங்கும் வீப்பிங், செங்குத்தாக மேலே போகும் ஃப்ளேம் இரண்டையும் வாங்க நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான சோதனை, கையில் பாக்கெட்டை வைத்துக்கொண்டு செய்யவே முடியாத சோதனையும் இதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பண்ணைகளில் பல மாஸ்களைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்தது நெருக்கமாக, குட்டைக் கிளைகளோடு, கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும். தொட்டியில் மூழ்கிய பிறகு வரும் தளிர் வேறு மாதிரி வரும். வெளிச்சம் குறைந்த தொட்டியில் எந்த மாஸும் இலைகளுக்கு இடையில் இடைவெளி விட்டு நீண்டு மெலியும். கிறிஸ்துமஸ் மாஸே தன் வடிவத்தை இழந்து ஜாவா போலத் தெரியும். ஆகவே நல்ல வெளிச்சத்தில், தண்ணீருக்குள் புதிதாக வளர்ந்த நுனியை மட்டும் கணக்கில் எடுங்கள். பழைய பகுதி பொய் சொல்லும்.

ஜாவா மாஸ்

கிளைகளில் ஒழுங்கே இருக்காது. சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி எல்லாத் திசையிலும் போகும். இழையை விரித்தால் இலைகள் தண்டின் இரு பக்கமும் தட்டையாக விரிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு இலையும் சுமார் 2 மில்லிமீட்டர், குறுகலான ஈட்டி வடிவம், நுனி படிப்படியாகக் கூராகும். புதுத் தளிர் வெளிர் பச்சை, பழைய பகுதி அடர் பச்சை. இவ்வளவும் பொருந்தினால் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது ஜாவா என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஏசி இல்லாத அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான், அதிலும் முதல் தடவை மாஸ் வாங்குபவர்களுக்கு. சென்னை, மதுரை, திருச்சிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஜாவா அந்தச் சூட்டில் மெதுவாகும், கொஞ்சம் பழுப்படையும், ஆனால் செத்துப்போகாமல் ஜூலையில் மறுபடி தளிர்க்கும். மற்ற மாஸ்களில் இந்த உறுதியை என்னால் சொல்ல முடியாது. சாதாரண எல்இடி லைட் போதும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை, உரமும் கிட்டத்தட்ட தேவையில்லை.

மீன் குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப், டெட்ரா வகைகள் முட்டையைச் சிதறவிட்டுவிட்டு அடுத்த நிமிடமே திரும்பி வந்து தின்னும். ஜாவாவின் ஒழுங்கில்லாத பின்னல்தான் முட்டைகள் நழுவி உள்ளே விழவும், பெரிய மீனின் வாய் எட்டாமல் இருக்கவும் வழி செய்கிறது. கப்பி குஞ்சுகளும் அதற்குள் புகுந்துகொள்ளும். மாஸ் மேல் படியும் நுண்ணுயிர்கள் அவற்றுக்கு முதல் சில நாட்களுக்குத் தீனியாகவும் ஆகும்.

அதே பின்னல்தான் அதன் தொல்லையும். மீன் கழிவும் மிச்சத் தீனியும் உள்ளே சிக்கி அடைந்துகொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கையால் ஆட்டிக் கழிவை வெளியேற்றிக் குழாய் வைத்து உறிஞ்சாவிட்டால் அடிப்பகுதி கறுத்து அழுகும். ஃபில்டர் வாயில் போய்ச் சிக்கும். வெட்டும்போது பறக்கும் ஒவ்வொரு துண்டும் போன இடத்தில் வளரும், அதனால் ஒருமுறை விட்டால் தொட்டியிலிருந்து முழுதாக எடுப்பது சிரமம். கட்டையைப் பிடித்துக்கொள்ளும் பலமும் சுமார்தான். பருத்தி நூலில் கட்டினால் நூல் மக்கும்போது மாஸும் கழன்று மேலே வந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஜாவாவுக்குத் தூண்டில் நரம்புதான் சரி. தங்கமீன் தொட்டியில் இதைப் போட்டால் மீன் பிய்த்து எறிந்து விளையாடும், அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் வேண்டாம்.

கிறிஸ்துமஸ், வீப்பிங், சிங்கப்பூர்

மூன்றும் வெசிகுலாரியா பேரினம். கண்ணால் பார்த்துப் பிரிப்பதில் தொட்டிக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கிறிஸ்துமஸ் மாஸ் (வெசிகுலாரியா மான்டாக்னை) நன்றாக வளர்ந்திருந்தால் சந்தேகமே வராது. ஒரு கிளையைச் சாஸரில் விரித்தால் தெளிவான முக்கோணம் தெரியும்: அடியில் நீளமான பக்கக் கிளைகள், நுனி நோக்கிப் படிப்படியாகக் குட்டையானவை, இடைவெளியும் ஒரே சீர். இலை ஜாவாவைவிட அகலமானது, முட்டை வடிவம் அல்லது கிட்டத்தட்ட வட்டம், நுனியில் மட்டும் சடாரென ஒடுங்கும். லென்ஸில் பார்க்கும்போது ஜாவாவின் இழை மெலிந்தும் இதன் இழை நிறைந்தும் தெரிவதற்கு இந்த அகலமே காரணம்.

வீப்பிங் மாஸ் (வெசிகுலாரியா ஃபெர்ரியெய்) சீனாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தது. உயரமான கட்டையில் கட்டினால் கிளைகள் நுனி கீழே பார்க்கத் தொங்கும். இலையும் கிளையும் கிறிஸ்துமஸுக்கு நெருக்கமாக இருந்தாலும், முக்கோணத்தின் ஒழுங்கு இதில் தளர்ந்திருக்கும். தட்டையான கல்லில் கட்டிவிட்டு இது வீப்பிங்தானா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தொங்குவதற்கு இடம் இருந்தால்தான் அது தன்னைக் காட்டும்.

சிங்கப்பூர் மாஸ் (வெசிகுலாரியா டுபியானா) இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. முக்கோணம் அரைகுறையாக வரும், தொங்குவதும் அரைகுறை. நம் கடைகளில் இது ஜாவா என்ற பெயரிலோ கிறிஸ்துமஸ் என்ற பெயரிலோ ஓடிக்கொண்டிருக்கலாம். தொட்டியின் அழகுக்கு இதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை.

விலையில் கிறிஸ்துமஸ் ஜாவாவுக்கு மேலே, ஆனால் கையைக் கடிக்காது. வெயில் தாங்கும் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். 20 முதல் 26 டிகிரிக்குள் அழகாக வளரும், 28 வரை சமாளிக்கும், அதற்கு மேல் வாரக்கணக்கில் போனால் முக்கோணம் கலைந்து நுனி பழுக்கும். தொட்டி மேல் சின்ன ஃபேன் வைத்து ஆவியாதல் மூலம் சூட்டைக் குறைக்கலாம், ஆனால் காற்றில் ஈரம் அதிகமுள்ள சென்னையில் அது தரும் பலன் குறைவு. காற்று வறண்ட மதுரை, கோவைப் பக்கம் அதே ஃபேன் நன்றாக வேலை செய்யும். வாங்கும் முன் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு மதியம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்று பார்த்துவிடுங்கள். மற்ற எந்த ஆலோசனையையும்விட அந்த எண் அதிகம் சொல்லும்.

சூடு ஒத்துவந்தால், டிரிஃப்ட்வுட் எனப்படும் தொட்டிக் கட்டையில் மாஸைக் கட்டி மரம் போலச் செய்யவும் வலைத்தட்டில் மாஸ் சுவர் வளர்க்கவும் நான் ஜாவாவைத் தொட மாட்டேன், கிறிஸ்துமஸைத்தான் எடுப்பேன். கிளைகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று படியும். கட்டையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி நூலே போதும். இறால் வளர்ப்பவர்கள் இதை விரும்புவதும் அந்த அடுக்குகளுக்காகத்தான். செர்ரி இறால் குட்டிகள் அடுக்குகளுக்கிடையில் நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும்.

வீப்பிங் வேண்டுமானால் ஒரே நிபந்தனை: கடைத் தொட்டியில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்தே வெட்டி வாங்குங்கள். பாக்கெட்டில் வேண்டாம்.

ஃப்ளேம் மாஸ், பீகாக், தைவான்

இவை மறுபடி டாக்சிஃபில்லம் பக்கம். ஃப்ளேம் மாஸ் மட்டும் தெளிவாகப் பிடிபடும். தண்டுகள் செங்குத்தாக மேலே போகும், போகும்போதே முறுக்கிக்கொள்ளும், இலைகள் தண்டை ஒட்டியே இருக்கும், பக்கக் கிளை குறைவு. பாக்கெட்டில் படுத்துக் கிடக்கும்போது ஜாவாவிலிருந்து பிரிப்பது கடினம். கடைக்காரர் அனுமதித்தால் இழையை லென்ஸில் பாருங்கள்: ஜாவாவில் இலைகள் பக்கவாட்டில் விரியும், ஃப்ளேமில் தண்டோடு ஒட்டி முறுக்கு தெரியும். சிறிய தொட்டியில் பின்பக்கம் ஓரிரு கல்லில் கட்டி வைக்க அழகானது. முழுத் தொட்டிக்கும் அதையே போட்டால் அந்த முறுக்கு கண்ணில் படாமல் போய்விடும்.

பீகாக், தைவான் இரண்டும் கிறிஸ்துமஸ் போலவே ஒழுங்கான கிளையோடு வரும். பிரிக்க வேண்டுமானால் இலை நுனியைப் பாருங்கள். மெல்லக் கூராகிற ஈட்டி இலையாக இருந்தால் அது கிறிஸ்துமஸ் அல்ல. பீகாக் குளிர்ச்சியை விரும்பும், 25 டிகிரிக்கு மேல் அதன் அழகு போய்விடும். சமவெளியில் அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ஃபிசிடென்ஸ்

லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதில் குழப்பமே வராது. இலைகள் தண்டின் இரு பக்கமும் இரண்டே வரிசையில், ஒரே தளத்தில், மிகத் தட்டையாக நிற்கும். ஒவ்வொரு இலையிலும் நடு நரம்பு தெளிவாக ஓடும். இன்னும் உற்றுப் பார்த்தால் இலையின் அடிப்பகுதி இரண்டு மடலாகப் பிரிந்து தண்டைக் கவ்விக்கொண்டிருப்பது தெரியும். மாஸ் உலகத்திலேயே இந்த அமைப்பு ஃபிசிடென்ஸ் பேரினத்துக்கென்றே உள்ள அடையாளம், இதை வைத்து உலகின் எந்த மூலையிலும் ஃபிசிடென்ஸைச் சொல்லிவிடலாம். நம் ஊர்க் கிணற்றுச் சுவரிலும் ஈரச் செங்கல்லிலும் அதன் உறவினர்கள் வளர்கின்றன, லென்ஸை எடுத்துக்கொண்டு போனால் பழகிக்கொள்ள நல்ல இடம்.

தொட்டிக்கு விற்பது பெரும்பாலும் ஃபீனிக்ஸ் மாஸ் எனப்படும் ஃபிசிடென்ஸ் ஃபான்டானஸ், வட அமெரிக்காவைச் சேர்ந்தது. இலை கொஞ்சம் அகலமாக, செடியே பெரிதாக இருந்தால் ஆசிய வகையான ஃபிசிடென்ஸ் நோபிலிஸாக இருக்கலாம்.

பார்க்க இதைவிட அழகான மாஸ் கிடையாது என்பது என் கருத்து. அடர்ந்த பச்சை, ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகத் தெரியும் நேர்த்தி, கத்தரி தேவையே இல்லாத குணம். வாங்கலாமா என்றால் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். வளர்ச்சி மிக மெதுவு. அந்த மெதுவான வேகத்தில் வளரும்போது நூல் பாசி அதன் மேல் ஏறிவிட்டால் இலைகளுக்கிடையிலிருந்து பிரிக்க முடியாது, மொத்தமாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். 26 டிகிரிக்குள் இருக்கும் தண்ணீர், பழகி நிலைப்பட்ட தொட்டி, பாசி தின்னும் அமானோ இறால்கள், ஏசி அறை இவையெல்லாம் இருந்தால் வாங்குங்கள். கொடைக்கானல், ஊட்டியில் இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம்.

நூல் பாசி என்றதும் இன்னொன்று. கடையில் மாஸ் வாங்கும்போது அதில் நூல் பாசி கலந்திருக்கிறதா என்று லென்ஸில் பார்ப்பது எந்த மாஸ் என்று பார்ப்பதைவிட அவசியம். மாஸ் இழையில் எப்போதும் இலை இருக்கும். இலையே இல்லாமல் வெறும் பச்சை நூலாக, கிள்ளினால் வழுக்கிக்கொண்டு போனால் அது பாசி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

மாஸ் என்ற பெயரில் வரும் மற்றவை

தரையில் வளரும் மாஸைப் பறித்துப் பாக்கெட் போட்டு விற்பதும் நடக்கிறது. நிமிர்ந்து நிற்கும் குட்டைத் தண்டுகள், கிளையே இல்லாமை, அடியில் பழுப்பு வேரிழையோடு மண், சில சமயம் மெல்லிய காம்பின் நுனியில் சின்ன விதைப்பை போன்ற வித்துப்பெட்டி: இவற்றைப் பார்த்தால் அது சுவர் மாஸ் அல்லது தரை மாஸ். தண்ணீருக்குள் சில வாரம் பச்சையாக நடித்துவிட்டு அழுகும். தொட்டி மாஸ்கள் பெரும்பாலும் படர்ந்து கிளைவிடும் வகை என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் டாக்சிஃபில்லம், வெசிகுலாரியா இரண்டின் உறவினர்களும் உண்டுதான். அதற்காகச் சுற்றுலா போன இடத்தில் பறித்துக்கொண்டு வர வேண்டாம். காப்புக் காட்டில் அது குற்றம். தவிர, கூடவே வரும் அட்டையும் நத்தையும் தொட்டிக்கு விருந்தாளிகள் அல்ல.

மினி பீலியா என்று விற்பது ரிக்கார்டியா, அது மாஸ் அல்ல, ஈரல் செடி வகை. இலையும் கிடையாது தண்டும் கிடையாது, கவட்டை கவட்டையாகப் பிரியும் தட்டைப் பட்டைகள் மட்டும். ரிக்சியாவும் அதே கூட்டம், மெல்லிய பச்சைப் பட்டைகளாக மிதக்கும். இரண்டுமே நல்ல செடிகள், திரவ கார்பன் மருந்தை மட்டும் இவற்றுக்கு விடாதீர்கள், கரைந்துவிடும்.

மாஸ் பால் என்ற பச்சை உருண்டை முழுக்கப் பாசி. அதைப் பிரித்து லென்ஸில் பார்த்தால் கிளைவிட்ட நூல்கள்தான், ஓர் இலைகூட இருக்காது. 2021-ல் அமெரிக்கக் கடைகளில் விற்ற உருண்டைகளுக்குள் ஜீப்ரா மஸல் என்ற ஆக்கிரமிப்புச் சிப்பி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, கடைகளிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. குளிர்ந்த ஏரிகளில் வளரும் அந்த உருண்டை நம் வெயிலில் பழுப்பாகி உடைவதும் வழக்கம்.

வில்லோ மாஸ் என்ற பெயரில் ஏதாவது கிடைத்தால் தண்டைச் சுற்றி மூன்று வரிசையில், நடுவில் மடிந்த இலைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது ஃபான்டினாலிஸ் ஆன்டிபைரெடிகா, லின்னேயஸ் பெயர் வைத்த ஐரோப்பியக் குளிர் ஓடை மாஸ். ஸ்வீடனில் புகைபோக்கிக்கும் மரச் சுவருக்கும் இடையில் தீப்பிடிக்காமல் இருக்க இதை அடைத்ததால் அந்தப் பெயர் வந்தது. சுவாரசியமான மாஸ்தான், ஆனால் வெதுவெதுப்பான தொட்டிக்கு ஆகாது.

லென்ஸ் போதாத இடம்

வெறும் வளர்ப்புக்கு 10 மடங்கு லென்ஸ் தாராளம். பெயரை உறுதி செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு, உதாரணமாக மாஸ் வளர்த்து விற்க நினைப்பவர்களுக்கு, மைக்ரோஸ்கோப் தேவை. அங்கே டாக்சிஃபில்லமும் வெசிகுலாரியாவும் ஒரே பார்வையில் பிரிந்துவிடும். டாக்சிஃபில்லம் இலையின் செல்கள் நீண்டு மெல்லிய கோடுகளாக இருக்கும். வெசிகுலாரியாவின் செல்கள் குட்டையாக, அகலமாக, அறுகோணத்துக்குக் கிட்டத்தட்ட. ஒரு இலையைக் கிள்ளி கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு வைத்தால் போதும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ரோஸ்கோப்பின் 140 மடங்கு உருப்பெருக்கம் இதற்குப் போதுமானது, ஆய்வகக் கருவிக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

அதே பேரினத்துக்குள் கிறிஸ்துமஸா சிங்கப்பூரா என்பதை அதுவும் சுலபமாகத் தீர்க்காது. வித்துப்பெட்டி இருந்தால் ஆய்வாளர்கள் சொல்லுவார்கள், ஆனால் மூழ்கி வளரும் மாஸ் வித்துப்பெட்டி விடுவது அபூர்வம். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடலாம். 

போன் ஆப்பில் படம் எடுத்துக் கேட்பதைப் பற்றியும் சிலர் யோசிப்பார்கள். பூவும் பெரிய இலையும் உள்ள செடிகளுக்கு அவை நன்றாகவே வேலை செய்கின்றன. மாஸில் பிரித்துக் காட்டுவது இலை நுனியும் நரம்பும் செல்லும்தான், அவை சாதாரணப் படத்தில் விழுவதே இல்லை. வரும் பதிலை ஒரு ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

மதியத் தண்ணீர் 29 டிகிரிக்கு மேல் என்றால் ஜாவா, விவாதமே வேண்டாம். மீன் குஞ்சு எடுக்கவும் ஜாவா. 28-க்குக் கீழே நிற்கிறது, இறால் தொட்டி அல்லது கட்டையில் மரம் செய்கிற திட்டம் என்றால் கிறிஸ்துமஸ். உயரமான கட்டை இருந்து, கடையில் தொங்குவதைப் பார்க்கவும் முடிந்தால் வீப்பிங். ஏசி அறையில் பழகிய தொட்டியும் பொறுமையும் இருந்தால் ஃபிசிடென்ஸ். கடையில் எல்லாவற்றையும் ஜாவா என்று ஒரே விலைக்குக் குவித்து வைத்திருந்தால், கையில் லென்ஸோடு நின்று முக்கோணக் கிளை தெரிகிற கைப்பிடியைப் பொறுக்கி எடுங்கள். அதே காசுக்குக் கிறிஸ்துமஸ் கிடைக்கக்கூடிய இடம் அதுதான்.

எது வாங்கினாலும் நேராகத் தொட்டியில் போடாமல், வெளிச்சம் படும் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். நத்தை முட்டையும் நூல் பாசியும் அதற்குள் வெளியே வந்துவிடும். செம்பு கலந்த மீன் மருந்து எதையும் அந்த வாளியில் விட வேண்டாம், ஒரு செல் அடுக்கு இலை அதை நேராக உறிஞ்சிக்கொள்ளும், பிறகு இறால் தொட்டிக்குப் போனால் இறாலும் போய்விடும். இரண்டு வகை மாஸ் வாங்கியிருந்தால் ஒரே கட்டையில் கட்டாதீர்கள், ஜாவா அவற்றில் ஒன்றாக இருந்தால் ஒரே தொட்டியிலும் வேண்டாம். சில மாதத்தில் மற்றதை மூடிவிடும், அப்புறம் சாமணத்தை வைத்துக்கொண்டு இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.